தொண்டைமானின் ஆயுதச்சாலை

ராணுவத்துக்கான ஆராய்ச்சியைப் பற்றி ஓர் இலக்கியப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கப்படலாம். இருக்கிறது என்றே நினைக்கிறேன். தமிழில் இந்த விஷயத்தைப் பற்றிய மிகப் பழைய விமர்சனம் நமக்குக் கவிதையாகத்தான் கிடைத்திருக்கிறது. புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. அதியமானுக்காகத் தூது போன ஔவைக்குத் தொண்டைமான் தன் ஆயுதச்சாலையைத் திறந்து காட்டுகிறான். அவள் பாராட்டுகிற தொனியிலேயே பேசுகிறாள். அவனுடைய ஆயுதங்கள் மயில்தோகை அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டுக் காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. தன் அரசனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. விஷயம் அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் இதை வஞ்சப்புகழ்ச்சிக்கு உதாரணம் என்று சொல்லி மூடிவிடுகிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. ஆயுதத்தைப் பார்க்கத் தெரிந்த ஒரு கவி அங்கே நிற்கிறாள். நெய்ப்பூச்சைப் பார்க்கிறாள், முறிந்த நுனியைப் பார்க்கிறாள், இரண்டிலிருந்தும் இரண்டு அரசுகளைப் படித்துவிடுகிறாள். இந்தப் பார்வை பிற்பாடு நம்மிடம் தொடரவில்லை. இன்று ஆயுதம் என்றால் நமக்கு இரண்டே பாவனைகள்தாம். ஒன்று, குடியரசு தினத்தன்று தொலைக்காட்சியின் முன்னால் நிமிர்ந்து உட்காருவது. மற்றது, யுத்தம் வேண்டாம் என்று கவிதை எழுதுவது. இரண்டுக்குமே ஆயுதத்தைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

எழுத நேர்ந்ததற்குக் காரணம் என் தங்கை மகன். நகரத்துப் பொறியியல் கல்வி நிலையம் ஒன்றில், குழாய்க்குள் வேகமாகப் போகும் காற்றில் சுடர் எப்படி அணையாமல் நிற்கிறது என்பதைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்கிறவன். உதவித்தொகை முடிகிற சமயம். மேற்கொண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு திட்டத்தில் இடம் இருக்கிறதாம். பணம் பாதுகாப்புத் துறையினுடையது. பெசன்ட் நகரில் இருக்கும் என் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, "நீங்க என்ன சொல்றீங்க மாமா?" என்றான். எரிபொருளைப் பற்றி அவன் என்னிடம் கேட்க ஒன்றுமில்லை. அவன் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது, இதே கூடத்தில் நண்பர்களோடு அணுகுண்டைப் பற்றி நான் உரக்கப் பேசிக்கொண்டிருந்ததை மூலையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறான். அந்தப் பேச்சுக்கு இப்போது கணக்குக் கேட்கிறான் என்று புரிந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசனை நீண்டுவிட்டது.

சுடர் என்று அவன் சொன்னது சாதாரண விஷயமல்ல. கிண்டியில் மான்கள் மேயும் அந்த ஐ.ஐ.டி. வளாகத்தில், 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டுக்கு ராம்ஜெட் பொருத்தி அதன் எல்லையை நீட்டும் ஆராய்ச்சிக்கு ராணுவம் பணம் கொடுத்திருப்பது பத்திரிகைகளில் வந்த செய்திதான். ராம்ஜெட்டில் சுழலும் பாகம் கிடையாது. குண்டு பாய்கிற வேகமே முன்னால் இருக்கும் காற்றை உள்ளே அழுத்துகிறது. அந்தக் காற்றில் எரிபொருள் எரிகிறது. எரிதல் மேலும் தள்ளுகிறது. இதில் ஆதாரமான கேள்வி சுடர் நிற்குமா என்பது. அது பீரங்கியின் கேள்வியும்தான், இயற்பியலின் கேள்வியும்தான். கேள்வியைப் பார்த்து அது யாருடையது என்று சொல்லிவிட முடியாது. பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இந்த நிலைமையிலேயே ஏதோ விபரீதம் இருக்கிறது.

எலியட்ஸ் கடற்கரைக்கு வடக்கே, அடையாற்றின் முகத்துவாரத்தை ஒட்டி ஊரூர்க் குப்பம். அங்கே எனக்குப் பரிச்சயமான ஒருவர் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். அவருடைய தகப்பனார் காலத்தில், கடலுக்குள் மீன் கிடைக்கும் பாரைக் கண்டுபிடிக்கக் கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் பிடித்துக்கொள்வார்களாம். ஒரு கோபுரம், அதற்குப் பின்னால் ஒரு பனைமரம். பக்கவாட்டில் இன்னொரு ஜோடி. இரண்டு கோடுகளும் வெட்டுகிற இடத்தில் பார். வாடையா, கச்சானா, கொண்டலா என்று காற்றின் பெயரைத் தெரிந்துகொண்டால் அன்றைய தொழில் பாதி தெரிந்த மாதிரி. இப்போது அவரிடம் ஜி.பி.எஸ். இருக்கிறது. பார்களையெல்லாம் 'பாயிண்ட்' போட்டு வைத்திருக்கிறார். "முன்னாடி எங்கப்பா கண்ணுல இருந்துச்சு, இப்ப பொட்டில இருக்கு" என்றார். வருத்தத்தோடு சொல்லவில்லை. மூடுபனியிலும் கரை சேர முடிகிறதே.

அந்தப் பொட்டிக்குப் பின்னால் இருப்பது அமெரிக்க ராணுவம். 1973-இல் அங்கே பாதுகாப்புத் துறை தொடங்கிய திட்டம் அது. நீர்மூழ்கிக் கப்பல்களும் குண்டுகளும் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வதற்காக. முதல் துணைக்கோள் 1978-இல் போயிற்று. 1983-இல் கொரியப் பயணி விமானம் ஒன்று வழி தவறி சோவியத் வான்வெளிக்குள் போய்ச் சுட்டு வீழ்த்தப்பட்ட பிறகு, ரீகன் இதைப் பொதுமக்களுக்கும் திறந்துவிடுவதாக அறிவித்தார். அப்படியும் பொதுமக்களுக்கு வரும் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்துதான் அனுப்பினார்கள். சுமார் 100 மீட்டர் முன்பின்னாக இருக்கும். 2000 மே மாதம்தான் அதை நிறுத்தினார்கள். ஆக, ஊரூர்க் குப்பத்துக்காரர் தன் பாரை இன்று சரியாகக் கண்டுபிடிப்பது வாஷிங்டனில் ஒருவர் ஒரு பிழையை நீக்கச் சொன்னதால். ராணுவ ஆராய்ச்சிக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் இந்தக் கதையின் முதல் பாதியைச் சொல்வார்கள்: பாருங்கள், குண்டுக்காகக் கண்டுபிடித்தது மீனவனுக்குப் பயன்படுகிறது. பின்பாதி எனக்கு இன்னும் முக்கியம். கொடுத்தவன் கையில் ஒரு விசை இருக்கிறது.

அந்த விசை இருப்பதால்தான் ஒரு தேசம் தானே செய்துகொள்ள நினைப்பதை என்னால் எளிதாகக் கேலி செய்ய முடியவில்லை. 1965 யுத்தத்தின்போது அமெரிக்கா ஆயுதம் தருவதை நிறுத்தியது. 1998-இல் பொக்ரான் சோதனைக்குப் பிறகு வந்த தடையில், தேஜஸ் விமானத்தின் கட்டுப்பாட்டு அமைப்புக்காக அமெரிக்காவில் வேலை செய்துகொண்டிருந்த நம் பொறியாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மிச்ச வேலையை பெங்களூரில் உட்கார்ந்து முடித்தார்கள். 2001 ஜனவரி 4-ஆம் தேதி விமானம் பறந்தது. திட்டம் ஒப்புதலான 1983-லிருந்து கணக்கிட்டால் பதினெட்டாவது வருஷம். விமானப் படையின் ஒரு அணியில் சேர்ந்தது 2016-இல். அதன் எஞ்சின் இன்னும் அமெரிக்க எஞ்சின். உள்நாட்டு எஞ்சினாக வர வேண்டிய காவேரியை 2008-இல் தேஜஸிலிருந்து கழற்றிவிட்டார்கள். (காவேரி என்று பெயர் வைத்துவிட்டு, அது வரவில்லை என்றால் எப்படி? நமக்குப் பழக்கமானதுதான்.)

ஆவடியின் கதை இதைவிட நீளம். தொண்டைமான் ஆண்ட அதே தொண்டை நாட்டில், சென்னைக்கு மேற்கே, 1965-இல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. வடிவமைப்பு பிரிட்டிஷ் விக்கர்ஸ் கம்பெனியுடையது, செய்தது இங்கே. அதற்கு அடுத்ததை நாமே வடிவமைப்போம் என்று 1974-இல் 15.5 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அதுதான் அர்ஜுன். பிறகு நடந்ததை ஒரு நாவலாக எழுதலாம். நாவலின் கதாநாயகன் காலம்தான். பீரங்கியின் வாய் அளவை ராணுவம் மாற்றியது. மாற்றியதும் எடை கூடியது. எடை கூடியதும் எஞ்சின் போதவில்லை. இங்கேயே செய்வதாக இருந்த எஞ்சின் அமையவில்லை, ஜெர்மனியிலிருந்து வாங்கினார்கள். வடிவமைப்பு முடிகிற சமயத்தில் எதிரியிடம் வேறு டாங்கி வந்துவிட்டது, ஆகவே தேவைகள் மறுபடி மாறின. 2000-இல் 124 டாங்கிகளுக்கு ஆர்டர். முதலில் சில ராணுவத்திடம் போனது 2004-இல், முப்பது வருஷம் கழித்து. வடிவமைப்புச் செலவு 15.5 கோடியிலிருந்து சுமார் 300 கோடிக்குப் போயிருந்தது. எடை 58 டன்னுக்கு மேல். இதற்கிடையில் 2001-இல் ரஷ்யாவிடமிருந்து டி-90 வாங்க ஒப்பந்தமாகி, அதே ஆவடியில், அதே கனரக வாகனத் தொழிற்சாலையில் ரஷ்ய டாங்கியைச் செய்ய ஆரம்பித்தார்கள். ஒரே ஊரில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நம்முடையதை வரைந்துகொண்டிருக்கிறோம், அந்தப் பக்கம் அடுத்தவனுடையதைப் பூட்டிக்கொண்டிருக்கிறோம். 2010-இல் ராஜஸ்தானில் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டியும் சுட்டும் பார்த்தார்கள். அர்ஜுன் நன்றாகவே செய்தது என்று செய்தி வந்தது. ஆனாலும் படையில் பெரும்பான்மை ரஷ்ய டாங்கிகள்தாம். 2021-இல் திருத்தப்பட்ட அர்ஜுனுக்கு, 118 எண்ணத்துக்கு, 7,523 கோடி ரூபாயில் ஆர்டர் கொடுக்கப்பட்டது.

இதைத் தோல்வி என்று சொல்லிவிட நான் தயாரில்லை. முப்பது வருஷம் ஒரு டாங்கியோடு மல்லுக்கு நின்றவர்களுக்கு உலோகத்தைப் பற்றியும், தகட்டைப் பற்றியும், அறுபது டன் எடையைச் சங்கிலிப் பட்டையில் நகர்த்துவதைப் பற்றியும் தெரிந்தது வாங்குகிறவனுக்கு ஒருநாளும் தெரியாது. ஔவை பார்த்த கொல்லன் பட்டறை இதுதான்: முறிந்து வந்தது, மறுபடி அடிக்கப்படுகிறது. தாமதம் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. நல்ல காவியமும் தாமதமாகத்தான் வருகிறது. ஏன் தாமதம், யார் எப்போது என்ன தீர்மானித்தார்கள் என்று நாம் கேட்க முடியாமலிருப்பதுதான் தொந்தரவு. 2005-இல் வந்த தகவல் உரிமைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் டி.ஆர்.டி.ஓ. இருக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய புகார்கள் நீங்கலாக, அது பதில் சொல்ல வேண்டியதில்லை. மிஞ்சியது தணிக்கை அதிகாரியின் அறிக்கைகள். நான் அவற்றில் சிலவற்றைப் படித்திருக்கிறேன். 'கெடு நீட்டிக்கப்பட்டது', 'நோக்கம் நிறைவேறவில்லை' என்ற ரீதியில் ஓர் ஈரமில்லாத நடை. இந்திய ராணுவ விஞ்ஞானத்தைப் பற்றி நம்மிடம் இருக்கும் சிறந்த உரைநடை அதுதான் என்று சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள். ஆனால் வேறு உரைநடை எங்கே? அந்த ஆய்வுக்கூடங்களில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் வேலை செய்திருக்கிறார்கள். அந்த வாழ்க்கையிலிருந்து குறிப்பிடும்படியாக ஒரு நாவல் என் கண்ணில் பட்டதில்லை. வங்கியைப் பற்றி இருக்கிறது, ரயில்வேயைப் பற்றி இருக்கிறது, தாலுகா ஆபீஸைப் பற்றி ஏராளம். இங்கே மட்டும் ஒரு பெரிய மௌனம்.

மௌனத்துக்குப் பதிலாக நமக்குப் பெயர்கள் தரப்பட்டன. 1983-இல் 388 கோடி ரூபாயில் ஆரம்பித்த ஏவுகணைத் திட்டத்தில் ஐந்து: பிருத்வி, அக்னி, ஆகாஷ், திரிசூல், நாக். மண், தீ, வெளி என்று பஞ்சபூதங்களில் மூன்றை எடுத்துக்கொண்டாயிற்று. 1974-இல் பொக்ரானில் ஓர் அணுகுண்டு வெடித்தது. அதற்குப் புத்தர் சிரிப்பதாகப் பெயர். இந்தப் பெயரைச் சூட்டியவரின் காது எப்படிப்பட்டது என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். கவிதை எழுதுகிறவர்களுக்கு வார்த்தைகள் பறிபோவதைப் பற்றிச் சொரணை இருக்க வேண்டும். இருந்ததாகத் தெரியவில்லை. ஒப்பிடுவதற்கு இன்னொரு பெயர். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைக் கரைக்கு வந்து, நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைப் போட்டு, துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போயிற்று. ஊர் நடுங்கியது, பலர் ஓடினார்கள். ஆனால் பயம் தெளிந்ததும் ஜனங்கள் அந்தப் பெயரை எடுத்துச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். 'அவன் சரியான எம்டன்' என்று இன்றும் சொல்கிறோம். ஆயுதத்திலிருந்து பாஷைக்கு ஒரு வார்த்தை வந்தது. அக்னி விஷயத்தில் பாஷையிலிருந்து ஆயுதத்துக்குப் போயிற்று. முன்னதில் ஜனங்களின் குறும்பு இருக்கிறது, பின்னதில் ஒரு கமிட்டி இருக்கிறது.

அப்துல் கலாமைத் தொடாமல் தமிழில் இதைப் பேச முடியாது. தொட்டால் பலருக்குக் கோபம் வரும். ராமேஸ்வரத்துப் பையன், குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர், வீணை வாசிப்பவர், தமிழில் கவிதை எழுதியவர். கவிதைகள் சுமார்தான், அது இங்கே விஷயமல்ல. அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு நிகழ்ச்சி உண்டு. ஹைதராபாத் நிஜாம் மருத்துவமனையில் போலியோ பாதித்த குழந்தைகள் மூன்று கிலோவுக்கு மேல் கனக்கும் உலோகக் கவசத்தைக் காலில் மாட்டிக்கொண்டு இழுத்து இழுத்து நடந்ததைப் பார்த்து, அக்னி ஏவுகணைக்காகச் செய்த லேசான பொருளிலிருந்து 300 கிராமில் கவசம் செய்துகொடுத்தார்கள். குழந்தைகள் நடந்து போனதைப் பார்த்த பெற்றோர் அழுதார்கள் என்பார். உண்மை. இதைக் கேட்டு இளகாதவன் மனிதனில்லை. இளகிய பிறகுதான் கேள்வி வருகிறது: குழந்தையின் காலுக்கு லேசான கவசம் வேண்டும் என்பதற்காகவே அந்தப் பொருளை முதலிலேயே தேடியிருக்கக் கூடாதா? நேர்மையான பதில், பணம் கிடைத்திருக்காது. நம் அரசாங்கத்துக்குப் பொறுமை ஆயுதத்திடம் மட்டும்தான் இருக்கிறது. அர்ஜுனுக்காக முப்பது வருஷம் காத்திருந்த மாதிரி ஒரு மருந்துக்காக அது காத்திருக்குமா?

சேத்துப்பட்டில் இதற்கு ஒரு எதிர்க்கதை உண்டு, நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. 1956-இல் அங்கே காசநோய் மருந்து ஆராய்ச்சிக்கு ஒரு நிலையம் அமைந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாமாகச் சேர்ந்து. சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்தில் வைத்தும், மற்றவர்களை அவர்களுடைய குடிசைகளிலேயே விட்டு மருந்து கொடுத்தும் ஒப்பிட்டார்கள். 1959-இல் முடிவு வெளியாயிற்று. நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று எதுவும் இல்லாமலே வீட்டு நோயாளிகளும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். உலகம் முழுக்க சானடோரியங்களுக்கு அவசியமில்லாமல் போனதற்கு இந்த ஆராய்ச்சி ஒரு முக்கியக் காரணம். அதுவும் அரசாங்கப் பணம்தான். அதற்கு அணிவகுப்பு கிடையாது. 2025-26 மத்திய பட்ஜெட்டில் டி.ஆர்.டி.ஓ.வுக்கு ஒதுக்கியது 26,816 கோடி ரூபாய். மருத்துவ ஆராய்ச்சித் துறைக்கு சுமார் 3,900 கோடி. இந்த எண்களை நான் என் அபிப்ராயத்துக்குச் சாட்சியாகக் கொண்டுவரவில்லை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்த 1983 திட்டத்தில் திரிசூல் படையில் சேராமலே 2008-இல் முடிந்துபோயிற்று; ஆகாஷ் சேர்ந்தது. 2025 மே மாதம் பாகிஸ்தானோடு நடந்த மோதலில், எல்லை ஊர்களின் மேலே வந்தவற்றைத் தடுப்பதில் ஆகாஷ் வேலை செய்தது என்று அரசாங்கம் சொல்கிறது. அன்றைக்கு அமிர்தசரஸில் தூங்கிக்கொண்டிருந்தவரிடம் போய், பெசன்ட் நகர்க் கடற்காற்றில் உட்கார்ந்து நான் எழுதுகிற இதைப் படித்துக் காட்ட எனக்குத் தைரியம் கிடையாது.

ஏவுகணையை ஏதாவதொரு கரையிலிருந்துதான் விட வேண்டும். எண்பதுகளில் ஒரிஸாவின் பாலியாபாலில் சோதனைத் தளத்துக்காக வளமான நிலத்தை எடுக்கப் பார்த்தபோது, வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த விவசாயிகளும் மீனவர்களும் ஊர் எல்லையில் தடுப்புப் போட்டு அதிகாரிகளை உள்ளே விடவில்லை. தளம் அங்கே வரவில்லை. பிற்பாடு அதே மாநிலக் கடற்கரைக்கு அப்பால் வீலர் தீவிலிருந்து ஏவினார்கள். 2015-இல் அதற்குக் கலாம் பெயர். பக்கத்துக் கரையில் முட்டையிட வரும் சிற்றாமைகளுக்காக ஜனவரி முதல் மார்ச் வரை சோதனையை நிறுத்திவைப்பதாக 2024 கடைசியில் செய்தி வந்தது. அதே இனத்து ஆமைகள் அதே மாதங்களில் எங்கள் கரைக்கும் வருகின்றன. ராத்திரியில் மாணவர்கள் டார்ச்சோடு நடந்து முட்டைகளை எடுத்துப் பத்திரப்படுத்துகிறார்கள். ஆமைக்காக நிற்கும் ஏவுகணையைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாலியாபால் விவசாயிக்கு இந்த மரியாதை கேட்காமல் கிடைக்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

ஆனால் தங்கை மகனிடம் நான் சொல்ல நினைத்தது இவற்றில் எதையும் அல்ல. இந்திராவைப் பற்றி. அது ஒரு ரேடார். தாழ்வாகப் பறந்து வரும் விமானத்தைக் கண்டுபிடிப்பது. டி.ஆர்.டி.ஓ.வின் பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் உருவாகி, பாரத் எலக்ட்ரானிக்ஸில் தயாரானது. ரேடார் யாரையும் கொல்வதில்லை, பார்க்கிறது, அவ்வளவே. ராணுவ ஆராய்ச்சியில் மனசாட்சிக்கு மிகவும் இடம் கொடுக்கிற வேலை எது என்று கேட்டால் நானே ரேடாரைத்தான் சொல்லியிருப்பேன். அதை இந்தியா இலங்கை அரசாங்கத்துக்குக் கொடுத்தது. 2008 செப்டம்பரில் வவுனியாப் படை முகாமைப் புலிகள் தாக்கியபோது, அங்கே ரேடார் வேலையில் இருந்த இந்தியர் இருவர் காயமடைந்தார்கள். சென்னையில் பலருக்கு விஷயம் தெரிய வந்தது அந்தச் செய்தியிலிருந்துதான். எட்டு மாதத்தில் முள்ளிவாய்க்கால். ரேடார் அந்த மணல்வெளியில் யாரையும் சுடவில்லை; அப்படி யாராவது சொன்னால் அது பொய். புலிகளின் விமானங்களும் பொம்மை விமானங்களல்ல, குண்டு போட்டவைதான். ஆனால் எண்பதுகளில் பெங்களூரில் உட்கார்ந்து அந்தச் சமிக்ஞையைப் பிரித்தெடுத்த கணக்கைப் போட்டவர்களில் ஒரு தமிழர் இருந்திருக்க மாட்டாரா? மேற்கு எல்லையை மனத்தில் வைத்துத்தான் போட்டிருப்பார். அது எந்த எல்லைக்குப் போகும் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள். ஆராய்ச்சி செய்கிறவன் கையில் இருப்பது சமன்பாடு. அதன் விலாசம் இன்னொருவர் கையில். தமிழர்களாகிய நாம் இதை வேறு யாரைவிடவும் நன்றாகத் தெரிந்துகொண்டிருக்க வேண்டியவர்கள்.

நார்பர்ட் வீனர் 1947-இல் இதற்கு ஒரு வழி சொன்னார். யுத்தகாலத்தில் அவர் செய்திருந்த ஆராய்ச்சிக் கட்டுரையின் பிரதி ஒன்றை, ஏவுகணை வேலையில் இருந்த ஒருவர் கேட்டு எழுதினார். கொடுக்க மறுத்து வீனர் எழுதிய பதில் பத்திரிகையில் வெளியாயிற்று. ராணுவத்தார் கையில் தீங்காகக் கூடியதை இனி வெளியிடப் போவதில்லை என்றார். கம்பீரமான கடிதம். நான் இளைஞனாக இருந்தபோது அதன் பிரதியை மேஜையில் வைத்திருந்தேன். ஆனால் வீனருடைய சைபர்னெடிக்ஸ் என்ற துறையே, விமானத்தைச் சுடும் பீரங்கி விமானம் அடுத்த கணம் எங்கே இருக்கும் என்று எப்படி ஊகிப்பது என்ற யுத்தகாலக் கணக்கிலிருந்து முளைத்ததுதான். மறுப்பவனின் கையிலும் அந்த மண் ஒட்டியிருக்கிறது. அதோடு, மறுத்து வெளியேற வீனருக்கு ஒரு நாற்காலி இருந்தது. உதவித்தொகை முடியப்போகும் இருபத்தேழு வயதுப் பையனுக்கு எது இருக்கிறது?

வீனரைவிட எனக்கு இப்போது கோத்தாரி பிடிக்கிறது. தௌலத் சிங் கோத்தாரி, 1948-லிருந்து பாதுகாப்பு அமைச்சகத்தின் விஞ்ஞான ஆலோசகர். இந்தத் துறையை எழுப்பியவர்களில் முதன்மையானவர். அவர் 1956-இல் அணுகுண்டு வெடித்தால் மனிதர்களுக்கு என்ன ஆகும் என்று ஒரு புத்தகம் தயாரித்தார். நேருவின் முன்னுரையோடு அரசாங்க வெளியீட்டுத் துறையே அதைப் போட்டது. நம் பள்ளிக்கூடங்களைப் பற்றிய 1964-66 கல்விக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் இதே மனிதர்தான். அதாவது, ஆயுதத்தோடு நெருக்கமாக இருந்த ஒருவர் அதன் விளைவைப் பொதுஜனங்களுக்குச் சொல்வதும் தன் உத்தியோகத்தின் பகுதி என்று நினைத்தார். அரசாங்கமும் அப்படி நினைத்தது. அந்த வழக்கம் எப்போது நின்றது என்று யாராவது ஆராயலாம். அதற்குப் பணம் தர ஆள் கிடைக்க வேண்டும்.

தங்கை மகனிடம் கடைசியில் ஒன்றுதான் கேட்டேன். எழுதுவதை வெளியிட விடுவார்களா? விசாரித்துக்கொண்டு வந்தான். சுடரைப் பற்றிய பகுதியை வெளியிடலாம், அனுமதி வாங்கிக்கொண்டு. குழாயின் அளவுகள் பற்றியதை முடியாது. "அப்ப பாதி ஆராய்ச்சி உனக்குச் சொந்தம்" என்றேன். "இப்ப பண்றதுல அதுவும் கிடையாது மாமா, அடுத்த மாசத்துக்கு அப்புறம் அதுக்கு ஆளே இல்ல" என்றான். சேர்ந்துவிட்டான். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் கேட்டிருப்பான் என்பதால்தான் சொல்லவில்லை.

எங்கள் குடியிருப்பில் இரண்டாம் மாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். எங்கோ ஒரு பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே பற்றவைப்பு எங்கே விரிசல் விடும் என்பது அவருடைய ஆயுட்கால விஷயம் என்று ஒரு தடவை அவருடைய மனைவி சொன்னார். அந்த அம்மாளுக்கும் அதற்கு மேல் தெரியாது. பதினைந்து வருஷமாக அவரோடு கடற்கரையில் நடக்கிறேன். கர்னாடக சங்கீதம், பேரன் பேத்தி, மாநகராட்சி, முழங்கால் வலி. வேலையைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகும் கையெழுத்துப் போட்டது போட்டதுதான் என்று இருப்பவர். போன மாதம் தங்கை மகன் வந்திருந்தபோது அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். ஷ்மிட் நினைவுச் சின்னத்தருகே சுண்டல்காரனிடம் நான் நின்றுவிட்டேன், அவர்கள் முன்னால் நடந்தார்கள். திரும்பிப் பார்த்தபோது பெரியவர் நின்று, ஈர மணலில் கைத்தடியால் ஏதோ வரைந்து காட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கோடுகள், நடுவில் ஒரு வளைவு. வேகமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய குரலை அந்த உயரத்தில் நான் கேட்டதில்லை. சுண்டல் பொட்டலங்களோடு நான் கிட்டே போனதும் நிறுத்திவிட்டு, "காத்து இன்னிக்கு நல்லா இருக்கு" என்றார்.